உயிரியற் புள்ளியியலுக்குத் துறை மாறி வருவோர்



பட்டப் படிப்பு முடிகிற காலத்தில் இளைஞர் பலருடைய உள்ளத்தில் ஓர் ஐயம் எழுகிறது. பதினாறு வயதில் தேர்ந்தெடுத்த பாடந்தான் ஆயுள் முழுவதும் நம்மைக் கட்டி வைக்குமோ என்பதே அந்த ஐயம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இது சற்றுக் கூர்மையாகவே எழுகிறது. தந்தைக்கு மாற்றல் உத்தரவு வரும், பள்ளி மாறும், பயிற்று மொழி மாறும், புதிய பள்ளியில் எந்தப் பிரிவில் இடம் கிடைத்ததோ அதுவே பிள்ளையின் பிரிவாகிவிடும். அவ்வாறு பொருளாதாரமோ உளவியலோ தாவரவியலோ பயின்று பட்டம் பெற்ற ஒருவர், உயிரியற் புள்ளியியலில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பினால், "கணிதம் படிக்காதவர்க்கு அங்கே என்ன வேலை?" என்று வீட்டாரே கேட்கிறார்கள். அக்கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

உயிரியற் புள்ளியியல் என்பது என்ன? ஒரு மருந்து உண்மையில் நோயைத் தீர்த்ததா, அல்லது நோய் தானாகவே தணிந்ததா? ஓர் ஊரில் காய்ச்சல் மிகுந்ததற்குத் தண்ணீர் காரணமா, கொசு காரணமா? இத்தகைய வினாக்களுக்கு எண்களைக் கொண்டு நேர்மையான விடை காணும் கலையே அது. இங்கே கணக்குப் பிழைத்தால் தாளில் மட்டும் பிழை நேர்வதில்லை. நோயாளியின் உடலிலும் அது நேர்கிறது.

இத்துறையின் தலைமகன்களில் ஒருவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் ஆங்கிலேயர். மருத்துவராக வேண்டும் என்று விரும்பியவர் அவர். முதல் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றுகையில் அவரைக் காசநோய் பற்றியது. படுக்கையில் கிடந்த நெடுங்காலத்தில், அஞ்சல் வழியாகப் பயின்று, 1922ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டம் பெற்றார். மருத்துவப் பட்டமும் இல்லை, கணிதப் பட்டமும் இல்லை. ஆயினும் பின்னர் கார்ல் பியர்சனின் புள்ளியியல் விரிவுரைகளைக் கேட்டுத் தம் குறையை நிரப்பிக் கொண்டார்.

அவ்வாறு கற்றதன் பயன் 1948இல் உலகறிய விளங்கிற்று. ஸ்டிரெப்டோமைசின் என்னும் புதிய மருந்து அப்போது பிரிட்டனில் மிகவும் அருமையாக இருந்தது. 107 காசநோயாளிகளை, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில், இரு பிரிவாக்கினார்கள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். யார் எப்பிரிவு என்பது ஒட்டிய உறைகளுக்குள் இருந்தமையால், மருத்துவரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. ஆறு மாதத்தில் முதற் பிரிவில் இறந்தவர் 4 பேர். இரண்டாம் பிரிவில் 14 பேர். மருந்தின் ஆற்றல் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. இந்தச் சோதனையை வகுத்தவர் ஹில்; அதாவது, பொருளாதாரம் பயின்ற ஒருவர்.

இம்முறை விரைவிலேயே நம் நாட்டுக்கும் வந்தது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப் பெற்றது. காசநோயாளிக்கு நல்ல காற்றும் ஊட்டமான உணவும் ஆரோக்கிய நிலைய வாசமும் இன்றியமையாதன என்று உலகம் அந்நாளில் நம்பியது. ஏழைகளுக்கு அவை கிட்டுவது எங்ஙனம்? சென்னையில் 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை ஆரோக்கிய நிலையத்திலும் மற்றவரை நெருக்கடியான தத்தம் வீடுகளிலும் வைத்து, ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகின் நம்பிக்கையை மாற்றியது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். கட்டில் இல்லாத ஏழைக்கும் சிகிச்சை உண்டு என்பதை உணர்ச்சி மிக்க சொற்களால் அன்று, செம்மையாக வகுத்த ஒப்பீட்டால் மெய்ப்பித்தார்கள். அந்த நிலையமே இன்று சென்னைச் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

ஆகவே துறை மாறி வருவது தகாத செயல் அன்று. ஆனால் அது இலவசமும் அன்று. ஹில் செலுத்திய கடனை ஒவ்வொருவரும் செலுத்தியே ஆக வேண்டும். அக்கடன் கணிதம். வகையீடும் தொகையீடும் அடங்கிய நுண்கணிதம், அணிகளைக் கையாளும் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகிய மூன்றும் அதன் தவணைகள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல, நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் முறையாகப் பயின்றதற்குச் சான்று கேட்கின்றன. ஆர்வம் மிகுதி என்று விண்ணப்பத்தில் எழுதுவது சான்றாகாது. மதிப்பெண் பட்டியலே சான்று.

இக்கடனைச் செலுத்த இன்று வழிகள் உள்ளன. பள்ளியில் கணிதத்தை விட்டவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை மட்டும் தனிப் பாடமாக எழுதித் தேறலாம். 2017இல் தொடங்கிய 'சுயம்' இணையத் தளத்தில் கல்லூரிக் கணிதப் பாடங்களை வீட்டிலிருந்தே கற்றுத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறலாம். கணிப்பொறியில் புள்ளியியல் கணக்கிடுவதற்கு 'ஆர்' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அலுவலகம் செல்வோர் இவற்றுக்கு ஓராண்டேனும் ஒதுக்குவது நலம்.

அடுத்து, எங்கே விண்ணப்பிப்பது? செம்பூரில் வாழும் தமிழர்க்கு அண்மையிலேயே, தேவனாரில், 1956இல் தோன்றிய பன்னாட்டு மக்கட்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. உயிரியற் புள்ளியியலும் மக்கட்தொகை இயலும் இணைந்த முதுநிலைப் படிப்பு அங்கே உண்டு. கொல்கத்தாத் தமிழர்க்குப் பாராநகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. அதை நிறுவிய மகலநோபிஸும் இயற்பியல் பயின்று துறை மாறி வந்தவரே. பெங்களூரில் நிமான்ஸ், வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவற்றிலும் உயிரியற் புள்ளியியல் துறைகள் இயங்குகின்றன. நுழைவுத் தேர்வில் தேறினால், முன்பு பயின்ற பாடம் எதுவாயினும் வேறு துறையில் முதுகலை பயில இடமுண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் கூறுகிறது. எனினும் தகுதி விதிகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் அறிவிப்பில் வரையறுக்கிறது. ஆதலின், பணம் கட்டுமுன் அவ்வாண்டு அறிவிப்பை வரி விடாமல் படிக்க வேண்டும். கணிதத் தகுதி போதாதவர்களுக்குப் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு மற்றொரு வாயில். சமூக அறிவியல் பயின்றவர்களையும் அதில் சேர்த்துக் கொள்ளும் நிறுவனங்கள் பல. புள்ளியியலின் அடிப்படையையும் அங்கே கற்பிக்கிறார்கள்.

விண்ணப்பத்தோடு இணைக்கும் நோக்க உரையைப் பற்றி ஒரு சொல். துறை மாறி வருவோர் பலர் தம் பழைய படிப்பை மறைக்க முயல்கிறார்கள். அல்லது அதற்காக வருந்துவது போல் எழுதுகிறார்கள். இரண்டும் வேண்டாதவை. உளவியல் பயின்றவர் வினாப்பட்டியல் அமைக்க அறிவார். தாவரவியல் பயின்றவர் பாத்தி பிரித்துச் சோதனை செய்ய அறிவார். புள்ளியியல் மேதை ஃபிஷர் தம் சோதனை முறைகளை வகுத்ததும் ராதம்ஸ்டெடு வேளாண்மைப் பண்ணையில்தான். பொருளாதாரம் பயின்றவர்க்குக் காரணத்தையும் உடனிகழ்வையும் பிரித்துணரும் பழக்கம் உண்டு. இவற்றை எடுத்துக்காட்டுடன் எழுதி, கணிதக் குறையை எவ்வாறு நிரப்பினோம் என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

கலைப் பட்டம் பெற்று, அரசாங்க ஏடுகளைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் நாம் இதை அன்றாடம் உணர்கிறோம். "ஆபத்து இரு மடங்காயிற்று" என்று ஓர் அறிக்கை கூறும். பத்தாயிரத்தில் ஒருவர் என்பது இருவர் ஆனாலும் இரு மடங்குதான். நூற்றுக்குப் பத்து என்பது இருபது ஆனாலும் இரு மடங்குதான். எதைக் குறிக்கிறது என்று அறியாமல் மொழிபெயர்த்தால், படிப்பவர் வீணே அஞ்சுவார். அல்லது வீணே அலட்சியம் செய்வார். எண்ணை அறிந்தவருக்குச் சொல்லும், சொல்லை அறிந்தவருக்கு எண்ணும் தேவைப்படுகிற துறை இது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். முதலிலேயே முதுநிலைப் படிப்புக்குக் கடன் வாங்க வேண்டாம். முதலிலேயே தடுக்கவும் வேண்டாம். ஆறு மாதம் கணிதம் பயிலப் பிள்ளைக்கு அவகாசம் கொடுங்கள். நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் நிகழ்தகவுக் கணக்கோடு மல்லாடி, மறுநாளும் அதே மேசைக்கு விரும்பி வருகிற பிள்ளைக்கு இத்துறை ஏற்றது. மனம் ஒட்டவில்லையெனில், ஆறு மாதத்தோடு அது தெரிந்ததும் ஆதாயமே.

பள்ளிப் பருவத்தில் ஊர் மாற்றத்தால் நேர்ந்த தேர்வு, விதியின் தீர்ப்பு அன்று. அதைத் திருத்திக் கொள்ள வழி உண்டு. அதற்கு விலையும் உண்டு. விலையை அறிந்து கொடுக்கத் துணிந்தவர்கள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.