கட்சி இல்லாத முதல் மந்திரி

(மோகனூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காவிரிக்கரையிலுள்ள இந்த மோகனூரிலிருந்து திருச்செங்கோட்டுப் பக்கம் சென்றால் குமாரமங்கலம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர் ஜமீன்தார், ஆக்ஸ்போர்டில் பயின்றவர், 1926 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியானார். அவர்தான் டாக்டர் ப. சுப்பராயன். நம் மண்ணின் மைந்தர் என்று பெருமை பேசிவிட்டுப் போக நான் வரவில்லை. அவர் அமர்ந்த நாற்காலியைத் தாங்கி நின்றவர் யார் என்று பார்க்கவே வந்திருக்கிறேன்.

அந்த ஆண்டுத் தேர்தலில், தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் சுயராஜ்யக் கட்சி 41 பெற்றது. நீதிக்கட்சி பெற்றது 21. வென்றவர்களோ, இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்றனர். தோற்றவர்களுக்குப் பலமில்லை. என்ன செய்தார் கவர்னர் கோஷன்? எக்கட்சியையும் சேராத சுப்பராயனை அழைத்தார். ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் உடன் அமைச்சராயினர். அவர்களுக்குக் கிடைத்ததோ கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் போன்ற துறைகள். போலீசும் நிதியும் நிலவரியும் கவர்னரின் பிடியில்! பள்ளி திறக்கும் பொறுப்பு ஒருவரிடம். பணப்பெட்டியின் சாவி மற்றொருவரிடம்.

சட்டசபையின் 132 பேரில் 34 பேர் நியமன உறுப்பினர். மக்கள் அனுப்பாத அந்த 34 பேரும் கவர்னர் முகம் பார்ப்பவர்கள். அவர்கள் நிழலில்தான் மந்திரிசபை வாழ்ந்தது. இங்கிலாந்தின் முதல் பிரதமர் எனப்படும் வால்போல், மன்னரின் ஆதரவு இருந்தும், மக்களவையில் பெரும்பான்மை கரைந்ததும் 1742-இல் பதவி விலகினார். தன் வீட்டில் அந்த நெறியைப் போற்றிய வெள்ளையன், நம் வீட்டுக்கு அதைக் கொண்டுவர மறந்துவிட்டான்!

1928-இல் சைமன் கமிஷன் வந்தது. அதைப் புறக்கணிப்பதா, வரவேற்பதா என்ற பூசலில் உடனிருந்த இரு அமைச்சர்களும் விலகினர். சுப்பராயன் விலகவில்லை. முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் அய்யரும் வந்தனர். அதுவரை எதிர்த்த நீதிக்கட்சி இப்போது முட்டுக்கொடுத்தது.

அதனால் நாட்டுக்கு நன்மையே விளையவில்லையா? விளைந்தது. அதை மறைப்பது நேர்மையன்று. முத்தையா முதலியார் தம் பொறுப்பிலிருந்த பத்திரப்பதிவுத் துறையில் வகுப்புவாரி உரிமையைச் செயலுக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்–ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்குத் தலா 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. நீதிக்கட்சி ஆண்ட நாளில் ஏட்டிலிருந்த ஆணை, கட்சியில்லாதவர் ஆட்சியில் நடைக்கு வந்தது. அரசியலின் விந்தைகளில் அதுவும் ஒன்று. ஆயினும் அந்த ஆணைக்கு உயிர் தந்தது முதல் மந்திரியின் நாற்காலியா, வெளியே பல்லாண்டு முழங்கிய இயக்கமா? நீங்களே சொல்லுங்கள்.

1930-இல் பதவி போயிற்று. சில ஆண்டுகளில் அவர் காங்கிரசில் சேர்ந்தார். இதே திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் 1925-இல் ஆசிரமம் அமைத்து, கதர் நூற்றுக்கொண்டிருந்தவர் ராஜாஜி. 1937-இல் அந்த ராஜாஜி பிரதம மந்திரியானார். முன்னாள் முதல் மந்திரி அவருக்குக் கீழே கல்வி, சட்ட மந்திரி! 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது கல்வி இலாகா அவர் கையில்தான் இருந்தது. தமிழர் அந்தக் கணக்கை மறக்கவில்லை.

அதன்பின் சிறைவாசம், மத்திய மந்திரி பதவி, மராட்டிய மாநில கவர்னர் பதவி எல்லாம் வந்தன. அப்பதவியிலிருக்கையிலேயே 1962 அக்டோபரில் மறைந்தார். இன்று நான் சுட்ட விரும்புவது இரண்டு ஆண்டுகளைத்தான். 1928-இல் உடனிருந்தோர் இருவர் வெளியேறியபோது, அவர் தனியே நாற்காலியில் இருந்தார். 1939 அக்டோபரில், மக்களைக் கேளாமல் இந்தியாவைப் போரில் இறக்கியதற்காக மந்திரிசபை முழுதும் விலகியபோது, அவரும் கட்சியோடு எழுந்து வெளியே நடந்தார்.