கடைமடையில் நிற்கும் பெரிய நாடு



காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குக் கடைமடை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தலைமடைக்காரர் வயல் நிரம்பிய பிறகுதான் கடைமடைக்காரர் வாய்க்காலில் ஈரம் தெரியும். நடுவில் எத்தனை மதகு உண்டோ, அத்தனை பேரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டும். எரிவாயு விஷயத்தில் இந்தியா அப்படியொரு கடைமடை நாடு. ஈரானிடம் வாயு இருக்கிறது; நடுவில் பாகிஸ்தான். துர்க்மெனிஸ்தானிடம் இருக்கிறது, நடுவில் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும். மியான்மரிடம் இருக்கிறது, நடுவில் வங்கதேசம். முப்பது ஆண்டுகளாக இந்த மூன்று திசையிலும் பேச்சு நடந்திருக்கிறது. ஒப்பந்தம், அடிக்கல், கூட்டறிக்கை எதற்கும் குறைவில்லை. குழாய் வழியாக ஒரு கன மீட்டர் வாயுகூட எல்லை தாண்டி வந்ததில்லை.

ஏன் என்று கேட்டால் டெல்லியில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். "அவன் வால்வை மூடிவிட்டால்?" கேட்டவர் வாயடைத்துப் போவார்; தேசபக்திக்கு எதிராக யார் பேசுவது? ஆனால் மூன்று திசையிலும் காரியம் கெட்டது அண்டை நாட்டான் வால்வை மூடியதால் அல்ல. வால்வே வைக்கப்படவில்லையே, அவன் எதை மூடுவான்?

கிழக்கிலிருந்து தொடங்கலாம். 2005 ஜனவரி, யாங்கூன் நகரம். மியான்மர், வங்கதேசம், இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் எரிசக்தி அமைச்சர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். இந்தியாவின் சார்பில் போனவர் மணிசங்கர் அய்யர். மயிலாடுதுறைத் தொகுதியின் அன்றைய மக்களவை உறுப்பினர். கடைமடைக்காரர்களிடம் ஓட்டு வாங்கி ஜெயித்தவர் கடைமடை நாட்டின் பெட்ரோலிய அமைச்சராக இருந்தது ஒரு பொருத்தம்தான். பேசப்பட்டது ராக்கைன் கடற்கரைக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்ட ஷ்வே எரிவாயு வயலைப் பற்றி. பர்மிய மொழியில் ஷ்வே என்றால் தங்கம். தென் கொரியாவின் தேவூ நிறுவனம் நடத்திய அந்த வயலில் ஓஎன்ஜிசி விதேஷ், கெயில் என்ற இரண்டு இந்திய அரசு நிறுவனங்களுக்கும் சேர்த்து 30 சதவீதப் பங்கு அப்போது இருந்தது. பங்கு கையில், கொண்டுவர வழி வேண்டும். வங்கதேசத்தின் வழியாகக் குழாய் போடலாம் என்று மூன்று அமைச்சர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

டாக்கா சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. நேபாளத்தோடும் பூட்டானோடும் வணிகம் செய்ய இந்திய மண் வழியாகப் பாதை கொடுங்கள் என்றது. அந்த நாடுகளின் நீர்மின்சாரத்தை வாங்க வழிவிடுங்கள் என்றது. இந்தியாவோடு உள்ள வணிகப் பற்றாக்குறையைக் குறைக்க ஏதாவது செய்யுங்கள் என்றது. என்ன அநியாயம் இதில்? ஒரு நாட்டின் மண்ணைக் கேட்கிறவரிடம் அந்த நாடு பதிலுக்கு வழி கேட்கிறது. டெல்லியோ, இவையெல்லாம் இரு நாடுகளுக்கிடையே தனியாகப் பேச வேண்டியவை, முத்தரப்பு ஒப்பந்தத்தில் நுழைக்கக் கூடாது என்று கோப்பைத் திருப்பி வைத்தது.

கோப்பு டெல்லியில் தூங்கியது. பெய்ஜிங் தூங்கவில்லை. 2005 முடிவதற்குள் மியான்மரோடு சீனா புரிந்துணர்வு கண்டது. 2013 ஜூலையில் கியாவ்க்பியூ கடற்கரையிலிருந்து மியான்மரைக் குறுக்கே கடந்து, 793 கிலோமீட்டர் ஓடி, யுன்னான் மாகாணத்துக்குள் நுழைந்தது குழாய். ஆண்டுக்கு 1,200 கோடி கன மீட்டர் கொள்ளளவு. வயலில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு என்று சொன்னோமே, அந்தக் குழாயிலும் ஓஎன்ஜிசி விதேஷுக்கும் கெயிலுக்கும் பங்கு உண்டு, பெரியோர்களே! இந்திய அரசின் பணம் போட்டு எடுத்த வாயு, இந்திய அரசின் பணமும் போட்டுப் பதித்த குழாயில், சீனாவின் அடுப்பில் எரிகிறது.

இன்னும் இருக்கிறது. அன்று கொடுக்க மாட்டோம் என்றவை பிறகு என்ன ஆயின? 2010 ஜனவரியில் வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா டெல்லிக்கு வந்தபோது, நேபாள, பூட்டான் வணிகத்துக்கு வழிவிடும் பேச்சு மன்மோகன் சிங்கோடு செய்த கூட்டறிக்கையிலேயே இடம்பெற்றது. 2024 நவம்பரில் நேபாளத்தின் 40 மெகாவாட் மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்குப் போனது. அதே வழி, அதே மின்சாரம். கொடுத்ததெல்லாம் கொடுத்தாயிற்று, வாயு மட்டும் இல்லை.

டாக்காவும் லாபம் பார்க்கவில்லை. வழிக்கட்டணம் போனது. 2018 முதல் வங்கதேசமே திரவ எரிவாயுவைக் கப்பலில் வாங்குகிறது.

இனி மேற்கு. ஈரானின் தென் பார்ஸ் வயலிலிருந்து பலுசிஸ்தான், சிந்து வழியாக இந்தியாவுக்கு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் குழாய். 1990களிலிருந்தே பேசப்பட்டது, 2005இல் சூடு பிடித்தது. பேரத்தில் சிக்கிய முடிச்சுகள் சாதாரணமானவை. விலை என்ன? பாகிஸ்தானுக்கு வழிக்கட்டணம் எவ்வளவு? வாயு எந்த எல்லையில் இந்தியாவின் சொத்தாகிறது? இந்தியா தன் எல்லையில் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னது. ஈரான் தன் எல்லையோடு பொறுப்பு முடிந்தது என்றது. பால்காரர் வீட்டு வாசலில் அளந்து ஊற்றுவாரா, மாட்டுக் கொட்டகையில் அளந்து தருவாரா என்பது போன்ற வழக்கு. நடுவில் கொட்டினால் யாருக்கு நஷ்டம் என்பதுதான் கேள்வி. பேசினால் தீரக்கூடியது.

தீராதது வேறொன்று. ஈரானின் எண்ணெய், எரிவாயுத் துறையில் முதலீடு செய்பவர்களைத் தண்டிக்க அமெரிக்கா 1996லேயே சட்டம் போட்டுவிட்டது. 2005 மார்ச்சில் டெல்லிக்கு வந்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொண்டலீசா ரைஸ், இந்தக் குழாயைப் பற்றிய கவலையை நேரிலேயே சொல்லிவிட்டுப் போனார். ஜூலையில் அமெரிக்காவோடு அணுசக்தி உடன்பாடு அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிராக இந்தியா வாக்களித்தது. 2006 ஜனவரியில் மணிசங்கர் அய்யரிடமிருந்து பெட்ரோலியத் துறை போய், விளையாட்டுத் துறை வந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள்.

2009இல் ஈரானும் பாகிஸ்தானும் இந்தியாவை விட்டுவிட்டுக் கையெழுத்திட்டன. 2013 மார்ச்சில் பாகிஸ்தான் அதிபர் சர்தாரியும் ஈரான் அதிபர் அகமதிநெஜாதும் எல்லையில் நின்று பாகிஸ்தான் பகுதிக்கான வேலையைத் தொடங்கி வைத்தார்கள். தன் பகுதியைப் போட்டு முடித்துவிட்டதாக ஈரான் சொல்கிறது. பாகிஸ்தான் போடவில்லை, அமெரிக்கத் தடை வந்துவிடும் என்ற பயம். பொறுத்துப் பார்த்த ஈரான் 2024இல் பாரிஸ் நடுவர் மன்றத்துக்குப் போகப்போவதாக நோட்டீஸ் அனுப்பியது. டெல்லி பயந்த வால்வு இஸ்லாமாபாத்தில் இருந்தது. மூடப்பட்ட வால்வு வாஷிங்டனில் இருந்தது.

துர்க்மெனிஸ்தான் குழாய்க்கு அதிக நேரம் வேண்டாம். பஞ்சாபின் ஃபாசில்கா வரை 1,800 கிலோமீட்டர். 2015 டிசம்பரில் மாரி நகரத்தில் ஒரு தொடக்க விழா, 2018இல் ஆப்கான் எல்லையில் ஒன்று, 2024இல் தாலிபான் ஆட்சியில் இன்னொன்று. இத்தனை முறை பூமி பூஜை போட்ட வீட்டில் யாரும் குடியேறியதாகத் தெரியவில்லை.

"உக்ரைனை மறந்துவிட்டீர்களா?" என்று ஒருவர் எழுந்து கேட்கலாம். நியாயமான கேள்வி. 2009 ஜனவரியில், நடுங்கும் குளிரில், ரஷ்யாவும் உக்ரைனும் விலைக்கும் பாக்கிக்கும் சண்டை போட்டதில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஐரோப்பாவுக்கு வாயு நின்றது. பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் சண்டையில் சம்பந்தமில்லாமலே விறைத்தன. கடைமடையின் கதி அதுதான், மறுக்க முடியாது. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. 2022 பிப்ரவரியில் அதே இரண்டு நாடுகளுக்கிடையே முழுப் போர் மூண்டது. ஏவுகணைகள் பறந்தன, நகரங்கள் இடிந்தன. அந்தக் குழாயில் வாயு ஓடிக்கொண்டே இருந்தது! 2024 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தக் காலம் முடிகிற வரை, படையெடுத்த நாட்டின் வாயுவுக்கு வழிவிட்டுக் கட்டணம் வாங்கியது உக்ரைன். அண்டை வீட்டுக்காரனே வேண்டாம் என்று பால்டிக் கடலுக்கடியில் போட்டார்களே நார்ட் ஸ்ட்ரீம், அது 2022 செப்டம்பரில் வெடித்துக் கிடந்தது.

ஆகவே பயப்பட வேண்டாம் என்பதல்ல வாதம். எதிராளிக்கும் அதில் இழக்க ஏதாவது இருக்க வேண்டும். அதை எழுத்தில் கட்ட வேண்டும். இந்தியாவின் பங்கைப் பாகிஸ்தான் தொட்டால் பாகிஸ்தானின் பங்கை ஈரான் குறைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதக் கையா வலிக்கிறது?

குழாய் வேண்டாம், கப்பல் போதும் என்பவர்கள் கணக்கையும் பார்த்துவிடலாம். நாட்டின் எரிவாயுத் தேவையில் ஏறக்குறைய பாதி இன்று திரவமாகக் கப்பலில் வருகிறது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்து, அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கி, கடல் கடத்தி, தஹேஜிலும் எண்ணூரிலும் மறுபடி வாயுவாக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் காசு. பெரும்பங்கு தரும் கத்தாரின் கப்பல்கள் ஹோர்முஸ் ஜலசந்தியைத் தாண்டித்தான் வர வேண்டும். அதன் ஒரு கரையில் இருப்பது, எந்த நாட்டின் குழாயைத் தவிர்த்தோமோ அதே ஈரான். 2022இல் இன்னொன்றும் நடந்தது. ரஷ்யாவின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமுக்குச் சொந்தமாக இருந்த ஜெர்மன் நிறுவனத்தை ஜெர்மனி தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. அதன் வழியாகக் கெயிலுக்கு வர வேண்டிய சரக்குகள் நின்றன. நீண்டகால ஒப்பந்தம் கையில் இருந்தும் வாயு வரவில்லை. அந்த வால்வைப் பாகிஸ்தானா மூடியது?

கடைசியாக, கசப்பான ஒன்று. மதகுக்காரன் மீது சந்தேகப்படும் இந்த நாடு, மற்றவர்களுக்குத் தானே மதகுக்காரன். 2015 செப்டம்பரில் நேபாளம் புதிய அரசியல் சட்டம் இயற்றியதும் எல்லையில் லாரிகள் நின்றன. நாங்கள் மறிக்கவில்லை, நேபாளத்தின் மாதேசி மக்களின் போராட்டம் என்றது டெல்லி. காட்மாண்டுவில் அதை நம்பியவர்கள் குறைவு. அதே ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளை இன்னும் எடுத்துக் கட்டாத ஜனங்கள், பல மாதம் எரிபொருள் இல்லாமல் விறகு பொறுக்கிச் சமைத்தார்கள். அதற்குப் பிறகும் நேபாளம் என்ன செய்தது? பீகாரின் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்கு, முன்பே சம்மதித்திருந்த 69 கிலோமீட்டர் பெட்ரோலியக் குழாயைக் கைவிடவில்லை. 2019 செப்டம்பரில் அது திறக்கப்பட்டது. மூடியவன் என்று தான் நம்பிய நாட்டிடமே குழாய் வாங்கிக்கொள்ளும் துணிச்சல் அந்தச் சிறிய நாட்டுக்கு இருந்தது.

வங்கதேசத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. சிலிகுரியிலிருந்து பார்பதிபூர் வரை 131.5 கிலோமீட்டர் டீசல் குழாய், 2023 மார்ச்சில் மோதியும் ஹசீனாவும் திறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹசீனா பதவி இழந்து இந்தியாவுக்கே வந்து சேர்ந்தார். டாக்காவில் வேறு ஆட்சி. இரு தலைநகரங்களுக்கும் இடையே உறவு கசந்தது. 2025 பிறந்ததும் அந்தப் புதிய அரசு, இந்தியாவின் நுமாலிகர் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து அந்த ஆண்டுக்கான டீசலை வாங்க ஒப்புதல் கொடுத்தது.