ஆரத்தித் தட்டில் ஒரு வேதியியல் பாடம்

தில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் நான், கலைப் பாடங்களைக் கற்றுப் பட்டம் பெற்றவன். வேதியியலைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று தாங்கள் வினவலாம். தகுதி ஒன்றுமில்லை, நான் செய்த பிழை ஒன்றே என்னை இங்கே பேச வைக்கிறது.

என் மகள் ஏழாம் வகுப்பில் இந்தி வழியாகப் பயில்கிறாள். ஒரு மாலை, "அப்பா, க்ஷாரக் என்பதற்குத் தமிழில் என்ன சொல்?" என்று கேட்டாள். "காரம்" என்றேன். "மிளகாயில் இருக்கிறதே, அந்தக் காரமா?" என்றாள். அலுவலகத் தாள்களில் ஆழ்ந்திருந்த நான், "ஆம், அதுவேதான்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரத் தேர்வில் காரப் பொருளுக்கு எடுத்துக்காட்டாக மிளகாயை எழுதி மதிப்பெண் இழந்தாள். மதிப்பெண் போனது பெரிதன்று. "தமிழில் கேட்டுக்கொண்டால் தப்பாகிவிடுகிறது" என்றாளே, அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது.

குற்றம் தமிழினுடையதன்று, என்னுடையது. வடமொழியின் க்ஷாரம் தமிழில் காரமாகி, நாவை எரிப்பதையும் தோலை அரிப்பதையும் ஒருங்கே குறிக்கலாயிற்று. சவுக்காரம், வெண்காரம் என்னும் சொற்களில் இருப்பது வேதியியலின் காரம். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணம் காப்சைசின் என்னும் வேறொரு பொருள். இதனைச் சொல்லால் விளக்கினால் போதாது, கண்ணால் காட்டவேண்டும் என்று எண்ணினேன்.

அடுக்களையில் இருந்த மஞ்சள்தூளை நீரில் கரைத்தேன். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பில் சிறிது சேர்த்தேன். மஞ்சள் நீர் செந்நிறமாயிற்று. "இது ஆரத்தி அல்லவா!" என்றாள் மகள். ஆரத்திதான். சுண்ணாம்பு காரம், காரத்தைக் கண்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சள் கறை பட்ட துணியில் சவுக்காரம் தேய்த்தால் கறை சிவப்பதும் இதனாலேயே. பின்னர் எலுமிச்சைச் சாற்றைத் துளித்துளியாக விட்டுக் கலக்கினோம். சிவப்பு மறைந்து மீண்டும் மஞ்சள் தோன்றிற்று. எலுமிச்சையின் அமிலம் சுண்ணாம்பின் காரத்தோடு கூடி இரண்டும் தத்தம் இயல்பை இழந்தன. இதுவே நடுநிலையாக்கல். இந்தக் கூட்டத்தில் பிறப்பவை நீரும், கால்சியம் சிட்ரேட் என்னும் ஓர் உப்பும்.

ஆகவே, உப்பு என்பது வேதியியலில் ஒரு பொருளின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். ஹைடிரோகுளோரிக் அமிலமும் எரிசோடாவும் கூடினால் சோடியம் குளோரைடு, அதாவது நம் சோற்றுப்பு, உண்டாகிறது. உண்ணத்தகாத உப்புகளும் உண்டு. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசாமல் ரசம் வைக்கலாகாது என்று நம் பாட்டிமார் விதித்தது ஏன்? புளியின் அமிலமும் காற்றும் சேர்ந்து பித்தளையிலுள்ள செம்பைத் தாக்கி, நச்சுத்தன்மையுள்ள செம்பு உப்புகளை உண்டாக்கும், அதனால்தான்.

இனி, கலந்தவற்றைப் பிரிக்கும் வழியைக் காண்போம். மணலும் உப்பும் கலந்துவிட்டால் நீரில் கரைத்து வடிகட்டுகிறோம். மணல் தங்குகிறது, உப்புநீர் இறங்குகிறது, அதனைக் காய்ச்சினால் உப்பு மிஞ்சுகிறது. ஆனால் நீரில் பல உப்புகள் சேர்ந்தே கரைந்திருந்தால் என் செய்வது? தூத்துக்குடியின் உப்பளங்கள் இதற்கு விடை கூறும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் முக்கால் பங்குக்குச் சற்று மிகுதியாகவே சோற்றுப்பு. நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிடும்போது, குறைவாகக் கரையும் பொருள் முதலில் படிகிறது. முதலில் சுண்ணாம்புக் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் படிந்த பிறகு, அடர்த்தி சுமார் 25 போமே பாகையை எட்டும்போது சோற்றுப்பு படிகமாகத் தொடங்குகிறது. ஏறத்தாழ 29 பாகையில் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். தாமதித்தால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து, உப்பு கைக்கும். காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசியும். கடலே இல்லாத இராஜஸ்தானத்தில், சாம்பர் ஏரியின் உவர்நீரிலிருந்தும் வெயிலின் துணைகொண்டே உப்பு எடுக்கிறார்கள். ஊர் வேறானாலும் விதி ஒன்றே.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுச் சோதனை எலுமிச்சையோடும் மஞ்சளோடும் நிற்கட்டும். சுண்ணாம்பு கண்ணில் படலாகாது. ஆய்வுக்கூடத்தில் அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தையே நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் வெப்பம் மிகுந்து அமிலம் முகத்தில் தெறிக்கும். எப்பொருளையும் சுவைத்துப் பார்க்கலாகாது.

அன்று இரவு என் மகள் தன் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள் எழுதியிருந்தாள். அம்ல் என்றால் அமிலம். க்ஷாரக் என்றால் காரம். லவண் என்றால் உப்பு. இரண்டாவது வரியின் அருகே, "மிளகாய் அன்று, சுண்ணாம்பு" என்று தமிழில் குறித்திருந்தாள். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. அதனை மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று ஏட்டை மூடி வைத்தேன்.