உபதேசியாரின் இரண்டு பதிவேடுகள்

தோழர்களுக்கும், முன்வரிசையில் உட்கார மறுத்துப் பின்னால் போய் அமர்ந்திருக்கும் உபதேசியார் குடும்பத்தாருக்கும் ஜெய்பீம். எங்களில் ஒருவருக்கு இன்னொரு வணக்கமும் உண்டு. அது அவர் கற்றுக்கொடுத்தது: சேசுவுக்குப் புகழ்.

அழைப்பிதழில் ‘உபதேசியார் நினைவுச் சொற்பொழிவு’ என்று மட்டும் இருந்ததைப் பார்த்து, எந்த உபதேசியார், அவருக்குப் பெயர் இல்லையா என்று பலர் கேட்டீர்கள். பெயர் உண்டு. அதை அச்சில் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். அவருடைய பேத்தி அரசு வேலைக்கான தேர்வு எழுதியிருக்கிறாள், இந்து ஆதிதிராவிடர் சான்றிதழோடு. தாத்தா கோயில் உபதேசியார் என்று இந்தச் சிறு வெளியீட்டில் அச்சாகி, அந்தப் பக்கத்தை யாராவது ஒரு புகார் மனுவோடு சேர்த்து அனுப்பினால் என்ன ஆகும் என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஊரின் பெயரையும் அதனால்தான் விட்டுவிட்டோம். பழைய தஞ்சாவூர் ஜில்லா என்பது போதும்.

அவரிடம் ஞானோபதேசம் படித்த நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இந்த உரையை எழுதினோம். ஒருவர் இன்றும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஒருவர் பௌத்தம் தழுவியவர். மற்ற இருவரும் எங்கேயும் போவதில்லை. எனவே சில இடங்களில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அங்கே அதையும் சொல்லிவிடுகிறோம்.

ஞானோபதேச வகுப்பில், கடவுள் மனிதனை எதற்காகப் படைத்தார் என்று ஒரு கேள்வி வரும். பதிலைப் புத்தகத்தில் உள்ளபடி ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்து முடித்ததும் அவர் சொல்வார்: “இது சாமியாருக்குச் சொல்ற பதில். இப்ப எனக்குச் சொல்லு. ஒன்னை எதுக்குடா படைச்சாரு?” எங்களில் ஒருவர் எட்டு வயதில், புதுநன்மைக்கு முந்தின வாரம், “சோறு திங்க” என்றார். வகுப்பே சிரித்தது. உபதேசியார் சிரிக்கவில்லை. “சரி. அப்ப சோறு கெடைக்காதவனை எதுக்குப் படைச்சாரு, யோசிச்சுட்டு அடுத்த வாரம் சொல்லு” என்றார். அந்த அடுத்த வாரம் எங்களுக்கு இன்னும் முடியவில்லை. பள்ளி முடித்தபோது, கல்யாண ஓலை கூறியபோது, முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, பணி ஓய்வு பெற்றபோது என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவர் அதே கேள்வியைக் கேட்டார். வயதுக்கு ஏற்றபடி ‘டா’ மட்டும் போய் ‘தம்பி’ வந்தது.

பங்குக் கோயில் ஊருக்குள் இருந்தது. எங்கள் தெரு அதன் கிளை. சாமியார் மாதம் ஒரு முறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான். சைக்கிளில் நான்கு கிராமங்களுக்குப் போய் ஜெபம் சொல்வார். பிழைக்காது என்று தெரிந்த குழந்தைக்கு நடுராத்திரியில் போய் ஞானஸ்நானம் கொடுப்பார். சாவுக்கு மந்திரம் சொல்வார். இரவில் அரிக்கேன் விளக்கு வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். கூலிப் பாக்கிக்கு மனு எழுதுவார். சம்பளம், சாமியார் வீட்டுச் சமையல்காரருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. சமையல்காரரும் எங்கள் தெருக்காரர் என்பதால் அவர்மேல் யாருக்கும் கோபமில்லை.

பதினைந்து வயதில் எங்களுக்கு ‘தேவ அழைத்தல்’ என்ற சொல் அறிமுகமானது. பள்ளிக்கு வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்து, யாருக்கு அழைத்தல் இருக்கிறது, கை தூக்குங்கள் என்றார். அவர் சொன்னபடி அழைத்தல் என்றால் குருமடம், இல்லையென்றால் கன்னியர் மடம். வயலில் நாற்றுப் பறிக்கிறவளுக்கு, செருப்புத் தைக்கிறவருக்கு அழைத்தல் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. எங்களில் ஒருவர் கை தூக்கினார், போனார், இரண்டு வருடத்தில் திருப்பி அனுப்பப்பட்டார். காரணமாக ‘அழைத்தல் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். கடவுள் கூப்பிட்டாரா இல்லையா என்பதைக் கூட இவர்கள்தான் முடிவுசெய்வார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோது அதை ஒரே இரவில் படித்து முடித்துவிட்டு, காலையில் உபதேசியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான். துறவறத்துக்குள்ளேயும் சேரி பின்தொடர்ந்து வருவதை, உள்ளே இருந்து வெளியேறிய ஒரு பெண் எழுதியிருந்தார். உபதேசியார் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அட்டை போடுவது அவர் ஒரு புத்தகத்துக்குச் செய்யும் மரியாதை.

இது புதிய கதை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனில் இராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். பறையர். தஞ்சாவூர் அரசரின் படையில் சிப்பாயாக இருந்தவர். கத்தோலிக்கராக இருந்து, வேதத்தைத் தானே படித்து, சபை மாறி, தஞ்சாவூர்ப் பகுதியில் பல ஆண்டுகள் உபதேசியாராக உழைத்தவர். அவரைக் குருவாக்கலாம் என்று பேச்சு வந்தது. ஆனால் பறையர் கையிலிருந்து நற்கருணை வாங்கச் சாதிக் கிறித்தவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741இல் குருப்பட்டம் பெற்றவர் ஒரு வேளாளர். இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். எங்கள் உபதேசியாருக்கு இந்த வரலாறு தெரியாது. தெரிந்திருந்தால், “கத்தோலிக்கன்னா என்ன, லுத்தரன்னா என்ன, நம்ம ஆளு ஒரே எடத்துலதான் நிக்கிறான்” என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறோம்.

அழைத்தலைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு விளக்கம் இருந்தது. சிறுவன் சாமுவேலைக் கடவுள் இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கதையைச் சொல்வார். கூப்பிடுவது யார் என்று தெரியாமல் அவன் மறுபடி மறுபடி குருவிடம் ஓடுகிறான். “ஆண்டையா கூப்புடுறான், ஆண்டவனா கூப்புடுறாருன்னு நமக்கு வித்தியாசம் தெரியணும். அதுக்குத்தான் படிப்பு” என்பார். பண்ணையில் வேலை செய்த தகப்பனுக்குப் பிறந்தவர் சொன்னது இது.

இனி அந்த இரண்டு பதிவேடுகள். கிளைக் கிராமங்களின் ஞானஸ்நானப் பதிவேட்டை எழுதியவர் அவர். அழகான கையெழுத்து. அதே கையெழுத்து ஆரம்பப் பள்ளியின் சேர்க்கை விண்ணப்பங்களிலும் இருந்தது. பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தவரும் அவர்தானே. முதலாவதில் புனிதர் பெயர். இரண்டாவதில் செல்வராசு, வேலாயுதம், பூங்கொடி என்று ஏதோ ஒரு பெயர். அதற்குப் பக்கத்தில் ‘இந்து ஆதிதிராவிடர்’. எங்கள் நான்கு பேருக்கும் இரண்டிரண்டு பெயர்கள் வைத்தவர் அவர். சாமுவேல் கதையைக் கேட்டுவிட்டு எங்களில் ஒருவர் கேட்டார்: “ஆண்டவர் எங்களை எந்தப் பேரைச் சொல்லிக் கூப்புடுவாரு?” அவர் பதில் சொல்லவில்லை. பீடத்துத் திரி அணைந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.

ஆரம்பத்தில் அவர் இதைச் செய்யவில்லை. மூத்த மகனைப் பள்ளியில் சேர்த்தபோது உள்ளதை உள்ளபடி எழுதினார். கிறித்தவன், ஞானஸ்நானப் பெயர், அப்படியே. பேதுரு மறுதலித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் தாசில்தார் அலுவலகத்தில் போய் மறுதலிக்கலாமா என்பது அவருடைய நியாயம். சட்டம் அந்த நியாயத்துக்கு விலை வைத்திருந்தது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் எவரும் பட்டியல் சாதியார் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அதைத் திருத்தினார்கள். கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்றுவரை திருத்தவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய நம்மவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 18 சதவீதத்துக்கு வெளியே நின்று, நிலமும் கடையும் வைத்திருக்கும் சாதிகளோடு 26.5 சதவீதத்தில் மோத வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது. அடிக்கிறவன் மட்டும் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை.

மூத்தவர் நன்றாகப் படித்தார். இடம் கிடைக்கவில்லை. உதவித்தொகையும் இல்லை. திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தார். ஆறு வருடம் கழித்து இளையவரைப் பள்ளியில் சேர்க்கும் முறை வந்தபோது உபதேசியார் ‘இந்து’ என்று எழுதினார். இளையவர் இன்று அரசு ஊழியர். “பெரியவனுக்கு விசுவாசத்தைக் கொடுத்தேன், சின்னவனுக்குச் சோத்தைக் கொடுத்தேன்” என்று எங்களிடம் ஒருமுறைதான் சொன்னார். அதற்குப் பிறகுதான் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டாவது பெயர் வைக்க ஆரம்பித்தார். புதிதாக வந்த சாமியார் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, உபதேசியாரே பொய் எழுதலாமா என்று எல்லார் முன்பும் கண்டித்தார். “பொய் எழுதினது நான். எழுத வச்சது யாருன்னு சாமி பிரசங்கத்துல சொல்லணும்” என்றாராம். பிரசங்கத்தில் அது வரவில்லை.

இந்த இடத்தில்தான் நாங்கள் பிரிகிறோம். பூசைக்குப் போகிறவர் சொல்கிறார்: அவர் செய்தது மறுதலிப்புத்தான், அதை அறிந்தே சுமந்தார், அதனால்தான் அவர் பெரியவர். பௌத்தரான தோழர் சொல்கிறார்: பொய் அரசாணையில் இருக்கிறது, அதை நிரப்பியவர் கையில் இல்லை. மற்ற இருவருக்கும் உறுத்துவது வேறு. வாழ்நாள் முழுக்க உண்மையாக இரு என்று ஒரு மதம் சொல்கிறது. உண்மையாக இருந்தால் உன் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று ஓர் அரசு சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளில் யாரைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆபிரகாமுக்குக்கூடக் கடைசியில் ஓர் ஆட்டுக்கடா கிடைத்தது.

நேராக நின்று கேட்டவரும் நம்மில் இருந்தார். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை, ஆதிதிராவிடர். அவருக்கு அமைந்தது தொழிலாளரின் பாதுகாவலரான சூசையப்பரின் பெயர். சாலையோரத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவுக்குக் கடுமையான இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை எனச் சொல்லி 1985இல் வழக்கு தள்ளுபடியானது. அதே சாலையோரம், அதே ஊசி, அதே செருப்பு. அதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டுமோ! 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரித்துவிடுங்கள் என்று பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவர் எழுத்தர் வேலைக்காகக் கேட்ட சான்றிதழை உச்ச நீதிமன்றம் மறுத்தது. சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியலமைப்புச் சட்டத்துக்கே செய்யும் மோசடி என்றது. அந்தப் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த ஞானஸ்நானமும் அவருக்கு எதிரான சான்றுகளில் ஒன்றானது. தீர்ப்புச் செய்தி வந்த அன்று உபதேசியாரின் இளைய மகன் எங்களுக்குப் போன் செய்து, “அப்பா எழுதுன அந்த ரிஜிஸ்டர் இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டார். பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. அழகான கையெழுத்து, இன்னும் மங்கவில்லை.

கல்யாணம், குடும்பம் பற்றி நிறையப் பேசலாம். நேரமில்லை. ஒன்று மட்டும். ஓலை கூறும்போது ஞானஸ்நானப் பெயர், பத்திரிகையில் சான்றிதழ்ப் பெயர், எது மாப்பிள்ளை என்று தெரியாமல் மொய் எழுதுகிறவர் திணறுவார். சிரித்துக்கொண்டே கடந்துபோன விஷயம் அது.

முதுமையில் அவருக்குக் கண் தெரியாமல் போனது. அவஸ்தை பூசிய இரவில் நாங்கள் மூவர் பக்கத்தில் இருந்தோம். ‘சோறு திங்க’ என்று சொன்னவர் குனிந்து, “ஐயா, ஒங்களை எதுக்குப் படைச்சாரு?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. வேறென்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. “பெரியவன் திருப்பூர்லேருந்து கெளம்பிட்டானா?” என்று கேட்டார்.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஓடும் சுவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செத்த பிறகும் நமக்கு ஒரு பக்கம், அவர்களுக்கு ஒரு பக்கம். எங்கள் ஊரில் சுவர் இல்லை. தேவைப்படவில்லை, கல்லறையே வேறு. சப்பரம் வராத தெருவிலிருந்து, ஊர்த் தூம்பா கிடைக்காமல், பாடை கட்டித்தான் எடுத்துப் போனோம். தலித் மக்களுக்கு இழைக்கும் பாகுபாடு திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்று இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் கொள்கை அறிக்கையாகவே வெளியிட்டுவிட்டது. அந்த அறிக்கை எங்கள் பங்குக்கு வந்து சேர நாளாகும்.

பாடையின் முன்பக்கம் இரு மகன்களும் தோள் கொடுத்தார்கள். பல வருடங்களாகப் பேசாதவர்கள். ஒரு பையன் செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்தான். இளையவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, போனை எறக்கு” என்று அந்தப் பையனிடம் சொன்னார். பிறகு தம்பியை வெளிப்புறத்திலிருந்து உள்பக்கத்துக்கு மாற்றிவிட்டுத் தான் வெளிப்புறம் வந்தார்.

கல்லறைக்குக் கல் வைத்தாயிற்று. சிலுவையும் தேதிகளும் வெட்டியிருக்கிறோம். ஞானஸ்நானப் பெயரையே வெட்டிவிடலாம் என்று மூத்தவர் சொல்கிறார். பேத்தியின் சான்றிதழ் சரிபார்ப்பு முடியட்டும் என்கிறார் இளையவர். தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. பெயருக்கு இரண்டு வரி இடம் விட்டு வைத்திருக்கிறோம்.