சொந்த லாரியும் டீசல் வரிக் கணக்கும்: அமெரிக்க அனுபவம்

(போக்குவரத்து அரங்கத் தோழர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் கடைசி நாள், அமெரிக்காவில் சொந்த லாரி ஓட்டுபவருக்குக் கெடு நாளாகும். முந்தைய காலாண்டில் எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினார், எங்கெங்கே எத்தனை கேலன் டீசல் வாங்கினார் என்ற கணக்கை அதற்குள் அவர் தாக்கல் செய்தாக வேண்டும். லாரி ஒரு மைல்கூட ஓடாத காலாண்டுக்கும் தாக்கல் உண்டு. தவறினால் 50 டாலர் அல்லது செலுத்த வேண்டிய வரியில் 10 சதவீதம், இவற்றுள் எது அதிகமோ அது அபராதம். வட்டி தனி.

வரிப் படிவம் அரசியல் வகுப்புக்குரிய பொருளா என்ற ஐயம் எழலாம். முதலாளி என்று அழைக்கப்படும் ஓர் உழைப்பாளியின் உண்மையான வர்க்க நிலையை இந்தப் படிவம் நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது என்பதே அதற்கு விடை.

சர்வதேச எரிபொருள் வரி ஒப்பந்தம், சுருக்கமாக இஃப்டா, 1983இல் அரிசோனா, அயோவா, வாஷிங்டன் ஆகிய மூன்று மாநிலங்களிடையே தொடங்கியது. 1991ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று பிற மாநிலங்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இன்று அதில் 48 அமெரிக்க மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் உள்ளன. அதற்கு முன் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உரிமம், தனித் தாக்கல். இப்போது லாரி பதிவான மாநிலத்தில் ஒரே தாக்கல் போதும். மாநிலங்கள் தங்களுக்குள் பணத்தைப் பிரித்துக்கொள்கின்றன. இது முன்னேற்றமே என்பதை மறுக்கத் தேவையில்லை.

ஒப்பந்தத்தின் அடிப்படை எளியது: டீசலை எங்கே வாங்கினாலும், எரித்த மாநிலத்துக்கே வரி. கற்பனைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒரு காலாண்டில் லாரி 24,000 மைல் ஓடி 4,000 கேலன் டீசல் குடித்தது. கேலனுக்கு 6 மைல். பென்சில்வேனியாவில் மட்டும் 6,000 மைல் ஓடியது என்றால், அங்கே 1,000 கேலன் எரித்ததாகக் கொள்ளப்படும். அங்கே வாங்கியது 300 கேலன்தான் என்றால், மீதி 700 கேலனுக்குரிய வரி அந்த மாநிலத்துக்குப் போக வேண்டும். டெக்சாஸில் எரித்ததைவிட அதிகம் வாங்கியிருந்தால், அங்கே பங்க்கில் கட்டிய உபரி வரி வரவாகும். ஆனால் டெக்சாஸின் டீசல் வரி கேலனுக்கு 20 சென்ட். பென்சில்வேனியாவில் 70 சென்ட்டுக்கும் மேல். வித்தியாசம் ஓட்டுநரின் பையிலிருந்து வர வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டெக்சாஸ் பங்க்கில் 3.50 டாலர், பென்சில்வேனியா பங்க்கில் 3.90 டாலர் என்று பலகையில் எழுதியிருந்தால், முதலாவதே மலிவு என்று தோன்றும். மாநில வரியைக் கழித்தால் முன்னது 3.30, பின்னது 3.20 டாலருக்கும் கீழே. வரி எப்படியும் ஓடிய மைலுக்கு ஏற்பத்தான் வசூலாகும் என்பதால், வரி நீங்கிய விலையைப் பார்த்து நிரப்புபவருக்கே லாபம். பெரிய நிறுவனத்தில் இதைக் கணினியும் கணக்குப் பிரிவும் பார்த்துச் சொல்கின்றன. தனி லாரிக்காரர் பதினொரு மணி நேரம் ஓட்டிய பிறகு தானே பார்க்க வேண்டும்.

ரசீதுகளின் கதை இன்னும் கடுமையானது. தேதி, விற்றவர் பெயரும் முகவரியும், அளவு, விலை, லாரியின் அடையாளம் எல்லாம் உள்ள ரசீதையும் பயணக் குறிப்பையும் நான்கு ஆண்டுகள் காக்க வேண்டும். ரசீது தொலைந்தால் கட்டிய வரிக்கு வரவு கிடையாது. ஆவணம் போதாது என்று தணிக்கையாளர் கருதினால், லாரி கேலனுக்கு 4 மைல்தான் ஓடியது என்று வைத்துக்கொள்ள விதி இடமளிக்கிறது. மேற்சொன்ன லாரி 4,000 கேலனுக்குப் பதில் 6,000 கேலன் எரித்ததாகிவிடும். எரிக்காத 2,000 கேலனுக்கு வரி!

இந்த வேலைக்கெல்லாம் கூலி யார் தருகிறார்? சரக்கு ஏற்றிய மைலுக்குத்தான் அவருக்குப் பணம். சொந்த லாரியைப் பெரிய நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டு அதையே ஓட்டுபவர்கள் ஏராளம். எரிபொருள் வரி யார் பொறுப்பு என்பதைக் குத்தகை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்று கூட்டாட்சி விதி சொல்கிறது. யார் ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதைப் பேரபலம் முடிவு செய்கிறது. நிறுவனமே தாக்கல் செய்தாலும், தொகையை ஓட்டுநரின் வாராந்திரக் கணக்கில் பிடித்துக்கொள்ள ஒப்பந்தம் வழிசெய்துவிடும்.

அப்படியானால் இவரைத் தொழிலாளி என்று சட்டம் அறிவித்துவிட்டால் தீர்ந்ததா? கலிபோர்னியா 2019இல் ஏபி 5 சட்டத்தின் மூலம் அதற்கு முயன்றது. நீதிமன்றத் தடையால் லாரித் துறைக்கு மட்டும் அது நின்றிருந்தது. 2022 ஜூன் இறுதியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. அடுத்த மாதமே சொந்த லாரி ஓட்டுநர்கள் ஓக்லண்ட் துறைமுக வாயில்களை மறித்தனர். சட்டத்தை டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் ஆதரித்தது, ஓட்டுநர்களோ எதிர்த்தார்கள். அவர்களை நிறுவனங்களின் கைப்பாவைகள் என்று ஒதுக்குவது சோம்பலான ஆய்வு. கடன் வாங்கிய லாரி நிற்கிறது, தவணை நிற்காது. அந்தத் தவணைக்கு வழி சொல்லாத எந்தத் திட்டமும் அவர்களிடம் எடுபடாது.

இந்தியாவில் இத்தகைய தாக்கல் இல்லை. வரி முழுவதும் பங்க்கிலேயே முடிகிறது. எளிமைதான். ஆனால் டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் மதிப்புக்கூட்டு வரி வாங்கிய மாநிலத்துக்கே போகிறது. லாரி எந்த மாநிலச் சாலையைத் தேய்த்தது என்பது கணக்கில் வராது. மத்திய வரியின் நிலை இதைவிட மோசம். 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் லிட்டர் டீசலுக்கு 15 ரூபாய் 80 காசு மத்தியக் கலால் வரி இருந்தது. அதில் மாநிலங்களுடன் பகிரும் தொகுப்பில் சேர்ந்தது 1 ரூபாய் 80 காசு மட்டுமே. மற்றவை செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் தில்லியிலேயே தங்கின.

வரி ஏறும்போது வாடகை ஏறுகிறதா என்பதே லாரி ஓட்டுபவரின் கேள்வி. அமெரிக்காவில் எரிசக்தித் துறை வாரந்தோறும் வெளியிடும் சராசரி டீசல் விலையோடு இணைத்து, சரக்குக் கட்டணத்தில் எரிபொருள் கூடுதல் தொகை சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. தரகர் நடுவில் இருந்தால் அது ஓட்டுநரை வந்தடையும் என்ற உறுதி அங்கேயும் இல்லை. இங்கே புக்கிங் ஏஜென்ட் பேசும் மொத்த வாடகையில் டீசலுக்கு எவ்வளவு, ஓட்டுநருக்கு எவ்வளவு என்று பிரித்தெழுதிய சீட்டு ஒற்றை லாரிக்காரருக்குக் கிடைப்பது அரிது. அரங்கத் தோழர்கள் தங்கள் பகுதி லாரி நிலையங்களில் முதலில் கேட்கத் தொடங்க வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.