கரும்புக்குப் போன கால்கள்
(திருவண்ணாமலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேரோடும் திருவண்ணாமலை வீதியிலே நின்றுகொண்டு பீஜித் தீவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. இன்று இம்மாவட்டத்தில் அடங்கிய ஆரணியும் போளூரும் வந்தவாசியும் அந்நாளில் வட ஆர்க்காடு ஜில்லா. சென்னைத் துறைமுகத்திலே பீஜிக்குக் கப்பலேறிய கூலிகளை மிகுதியாக அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று அது!

பசிபிக் பெருங்கடலிலே 300க்கு மேற்பட்ட தீவுகள். மூன்றில் ஒரு பங்கிலேதான் மக்கள் வாழ்கின்றனர். விட்டி லெவு, வனுவா லெவு இரண்டுமே பெரியவை. எரிமலை எழுப்பிய மண். தென்கிழக்குக் காற்று கொணரும் மழையை நடுமலை தடுத்துக்கொள்கிறது. ஆகவே கிழக்கே தலைநகர் சூவா நனைகிறது. மேற்கே நாந்தியும் லவுத்தோக்காவும் காய்கின்றன. கரும்புக்கு ஏற்ற வெயில்! வினையும் அங்கேதான் விளைந்தது.

1874இல் தீவு பிரிட்டனின் உடைமையாயிற்று. மறு ஆண்டே தட்டம்மை புகுந்து, பூர்வகுடிகளைப் பல்லாயிரக் கணக்கில் வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சியோரைத் தோட்டத்தில் வாட்டலாகாது, அவர்தம் நிலத்தை விற்கலாகாது என்றார் கவர்னர் ஆர்தர் கார்டன். நல்லெண்ணந்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரக்கத்தின் செலவை யார் கணக்கிலே எழுதினார்கள்? நம் கணக்கிலே!

1879 முதல் 1916 வரை 60,000க்கு மேற்பட்ட இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. தென்னாட்டார் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர். ஐந்தாண்டு ஒப்பந்தம்; ‘கிர்மிட்’ என்று அதற்குப் பெயர். நாட்கூலி ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் குறித்த வேலையை முடித்தால்தான்! 1920 ஜனவரி முதல் நாள் அந்தத் தளை அறுந்தது.

அறுந்தும் பலர் திரும்பவில்லை. 1926இல் சாது குப்புசாமி தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் கண்டார், பள்ளிகள் எழுந்தன. மாரியம்மனுக்குத் தீமிதி இன்றும் நடக்கிறது. ஆனால் தீ மிதிக்கும் இளைஞன் வீட்டிலே பேசுவது பெரும்பாலும் பீஜி இந்தி! பாட்டன் கொண்டுபோன தெய்வம் தங்கிற்று, மொழி தேய்ந்தது.

நிலமோ? பெரும்பகுதி பூர்வகுடிகளின் பொதுச்சொத்து, நம்மவர் குத்தகைக்காரர். 1970இல் விடுதலை வந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 ஆண்டுக் குத்தகை. 1987இல் இருமுறை இராணுவப் புரட்சி. ஆயிரக்கணக்கானோர் நாடு துறந்தனர். 1997 முதல் குத்தகைகள் முடியத் தொடங்கின. பலர் கரும்புக் காட்டை விட்டு நகர்ப்புறக் குடிசைகளுக்குப் போயினர். நிலத்தைத் திருப்பிக் கேட்ட பூர்வகுடியைக் குற்றவாளி என்று நான் கூறமாட்டேன். உழுதவனும் ஏழை, உரியவனும் ஏழை. இருவரையும் வைத்துச் சர்க்கரை காய்ச்சிய ஆஸ்திரேலியக் கம்பெனியோ, 1973இலேயே ஆலைகளைப் பீஜி அரசுக்கு விற்றுவிட்டுக் கரையேறிவிட்டது!