ஜான்சிராணிப் படையில் என் அன்னை

தென்காசிக் காசி விசுவநாதர் ஆலயத்தை 15ஆம் நூற்றாண்டில் எடுப்பித்தவன் பராக்கிரம பாண்டியன். கோபுரப் பணி அவன் நாளில் தொடங்கி, அவன் தம்பி குலசேகர பாண்டியன் நாளில் முற்றுப்பெற்றது. பிற்காலத்தில் அக்கோபுரம் சிதைந்து, நடுவே பிளந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. இன்று மாணவர்கள் அண்ணாந்து பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம் 1990ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. ஆலயம் பின்னொரு நாள் பழுதுபடலாம் என்பதைக் கட்டிய மன்னனே கருதியிருந்தான். அதைச் செப்பனிட்டுக் காப்பவர் எவராயினும் அவர் அடிகளில் வீழ்ந்து வணங்குவதாகக் கல்லிலே வெட்டுவித்தான்.

என் அன்னையார்க்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அந்தக் கல்வெட்டின் பொருளை யாரோ சொல்லக் கேட்ட நாள்முதல் அவர் அதனைப் பிறருக்குச் சொல்லாத நாள் குறைவு. "ராசா நம்மள நம்பி எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு" என்பார். இத்தனைக்கும் அவர் பிறந்தது தென்காசியில் அன்று. மலேயாவில், பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில். தம் 25ஆம் வயதில், என் தந்தையாரின் ஊர் என்ற முறையில், ரஜூலாக் கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கித் தென்காசியை அடைந்தவர். அதற்கு முன்னரே அவர் ஒரு படையில் இருந்து மீண்டவர்.

அந்தப் படையைப் பற்றி உங்கள் பாட நூல்கள் ஓரிரு வரியில் சொல்லிச் செல்லக் கூடும். 1942இல் ஜப்பானியர் மலேயாவைக் கைப்பற்றினர். சயாம்–பர்மா இருப்புப்பாதை அமைக்கத் தோட்டத் தமிழர்கள் பெருந்தொகையினராகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மீளாதவர் மிகப் பலர். என் தாய்மாமனும் மீளவில்லை. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், பெண்களும் ஆயுதம் ஏந்த வேண்டுமென்று அழைத்தார். சென்னையிலிருந்து சென்று சிங்கப்பூரில் மருத்துவராகத் தொழில் புரிந்த லட்சுமி அம்மையார் அப்படைக்குத் தலைமை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் தொடங்கிற்று. சேர்ந்தவருள் பெரும்பகுதியினர் இந்திய மண்ணை ஒருநாளும் கண்டறியாத தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். காணாத நாட்டுக்காக உயிர் கொடுக்க முன்வந்த அவ்வியப்பை வரலாற்றாசிரியர்கள் இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

என் அன்னைக்கு அப்போது வயது 17. பின்னலைக் கத்தரித்துக் கொண்டார், காற்சட்டை அணிந்தார், ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி கற்றார், துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டக் கற்றார். சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்ததாம். முகாமில் இந்து, கிறித்தவர், முஸ்லிம் என்ற பிரிவின்றி ஒரே உலைச் சோறு. தோட்டத்திலே அடுத்த வரிசை வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிப்பவர்களும் அங்கே ஒரே தட்டில் உண்டனர் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர் போர்முனையில் சுடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வீடு தேடி வந்து, "பாட்டி, எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்பதுண்டு. "சுடச் சொல்லவே இல்லையே!" என்று சிரிப்பார். பிள்ளைகள் ஏமாற்றத்தோடு போவார்கள். அவர் கண்டதெல்லாம் பின்வாங்கல்தான். 1945 ஏப்ரல் இறுதியில் இரங்கூனை விட்டு நேதாஜி புறப்பட்டபோது இராணிப் படைப் பெண்களும் உடன் சென்றனர். வானிலே பகை விமானங்கள், பகலில் மரநிழலில் பதுங்கல், இரவெல்லாம் நடை. வண்டிகள் சேற்றிலே நின்றுவிட்டன. சித்தாங் ஆற்றங்கரையில், பெண்கள் அனைவரும் கடந்த பின்னரே தாம் கடப்பதாக நேதாஜி உறுதியாக நின்றார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருட்டில் தலைகளை எண்ணுவார்களாம். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் அடுத்த அடி.

இந்த எண்ணும் வழக்கம் அவரை விட்டு நீங்கவேயில்லை. ஆனி, ஆடிச் சாரல் நாட்களில் எங்களைத் திருக்குற்றாலத்துக்கு அழைத்துச் செல்வார். தென்காசியிலிருந்து மூன்று மைல், நடைதான். பேரருவியின் இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேளாது. அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து எங்களை வரிசையாக நிறுத்தி, விரல் நீட்டி எண்ணி, அதன் பிறகே அருவிக்குள் விடுவார். குளித்து வெளிவந்ததும் மறுபடி எண்ணுவார். எங்களுக்கு அது வேடிக்கை.

பின்னர்க் குற்றாலநாதர் சந்நிதி. அப்பால் சித்திர சபை. நடராசப் பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் இங்கே மட்டும் இறைவன் கல்லிலும் செம்பிலும் இல்லாமல் சுவரிலே வண்ணமாக ஆடுகின்றான். அன்னையார்க்கு அந்த இடம் மிகவும் உகந்தது. வண்ணம் மங்கும், யாரேனும் மீண்டும் தீட்ட வேண்டும், அப்படித் தீட்டி வந்திருக்கிறார்கள் அல்லவா என்பார். அவருடைய பக்தி பெரும்பாலும் இத்தகையதே. வரம் கேட்டு நான் பார்த்ததில்லை.

விசுவநாதர் சந்நிதியில் ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை மாதத்தில், இரண்டு நெய்விளக்கு ஏற்றுவார். அவை ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு பெண்களுக்காக. இரயிலில் திரும்பிய மற்றொரு குழுவில் இருந்த அவ்விருவரும் வழியில் நிகழ்ந்த தாக்குதலில் சுடப்பட்டு இறந்தனர். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், "வேதக்காரப் பிள்ளைகளுக்குச் சிவன் கோயிலில் விளக்கா?" என்று கடிந்து கொண்டார். அன்னையார் எதிர்த்துப் பேசும் இயல்பினர் அல்லர். "எனக்குத் தெரிஞ்ச கோயில் இதுதானே, அத்தை" என்று மட்டும் சொன்னார். விளக்கு நின்றதில்லை.

விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் திட்டத்தை நடுவண் அரசு 1972இல் வகுத்தது. இந்திய தேசிய இராணுவத்தினரும் அதில் அடங்குவர். வீட்டில் அப்போது பொருள்முடை. தந்தையார் காலமாகி ஈராண்டு ஆகியிருந்தது. மனுவுடன் அன்னையாரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்தவர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "பொம்பளைங்க பட்டாளமா?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுச் சிரித்தார். பிறகு, சான்று என்ன, அடைந்த துன்பம் என்ன என்று வினவினார். அன்னையார் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். "நான் நடந்தேன், ஐயா. அவ்வளவுதான்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

மீண்டும் முயல்வோம் என்று நான் பலமுறை மன்றாடினேன். மலேயாவிலிருந்த தோழியருக்கு எழுதினால் சான்று கிடைத்திருக்கும். அவர் இணங்கவில்லை. "செத்துப்போன பிள்ளைங்க பேரை எழுத அந்தத் தாளில் இடம் இருக்கான்னு பாரு, ஐயா, இருந்தா வாங்கிட்டு வா" என்றார். முறுக்குச் சுட்டு விற்று என்னையும் தம்பியையும் கல்லூரி வரை படிக்க வைத்தார். ஓய்வூதியம் வாங்கியவர்களை அவர் ஒருபோதும் குறைத்துப் பேசியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது அவர்கள் உரிமை என்றே சொல்வார்.

2002ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாம் அவர்களை எதிர்த்து லட்சுமி சேகல் அம்மையார் போட்டியிட்டார். வானொலிச் செய்தியில் அப்பெயரைக் கேட்டதும், 76 வயதான என் அன்னையார் கட்டிலைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றார். யார் வெல்ல வேண்டும் என்று பேத்தி கேட்டாள். "கலாம் நல்ல பிள்ளை, நம்ம இராமேசுவரத்துப் பிள்ளை, அவரே ஜெயிக்கட்டும்" என்றார். "அப்போ உங்க கேப்டன்?" என்றாள் அவள். "தோத்தா மட்டும் அவுங்க கேப்டன் இல்லைன்னு ஆயிருமா?" என்று சொல்லிவிட்டு, செய்தி முடியும்வரை நின்றுகொண்டே கேட்டார்.